பாலத்தின் மேல் நிற்கிறவள்

காலை நேரம் முடிந்து நூலகத்தைப் பூட்டப் போகும்போதுதான் அந்த அம்மாள் வந்தாள். அழகேசன் செய்தித்தாள்களை மடித்து மேசைமேல் அடுக்கிவிட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார். வாசற்படிக்கு வெளியே, வாசகர்கள் செருப்பைக் கழற்றிவிடும் இடத்துக்கும் அப்பால், அவள் நின்றிருந்தாள். கல்லு வேலைக்குப் போகிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. புருவத்திலும் கை மயிரிலும் சுண்ணாம்புத் தூசி படிந்து, வியர்வை ஓடிய இடங்களில் மட்டும் தோலின் நிறம் கோடுகோடாகத் தெரிந்தது. அரியலூரில் இப்படிப்பட்ட முகங்கள் நிறைய. பஸ்ஸிலும் சந்தையிலும் தினமும் பார்ப்பதுதான். ஆனால் நூலகத்து வாசலில் அவர் பார்த்ததில்லை.

"இங்க எம் பொண்ணு இருக்குதாம். பாக்கணுங்க" என்றாள்.

அழகேசன் உள்ளே திரும்பிப் பார்த்தார். காலி பெஞ்சுகள்தான் இருந்தன. "யாரும் இல்லம்மா. எல்லாரும் போயாச்சு. பூட்டப் போறேன்."

"ஆளா இல்லைங்க. பொஸ்தவத்துல."

மூடிய ஜன்னலின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி அவர் அப்படியே நின்றார். எந்தப் புத்தகம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

திருச்சி மாவட்ட மைய நூலகத்திலிருந்து அந்த வருஷம், எண்பத்து நாலில், புதிதாக வந்த புத்தகக் கட்டில் நாலு இந்தப் பக்கத்தைப் பற்றியவையாக இருந்தன. ஒன்று, ஒரு காலத்தில் அரியலூர்வரை கடல் இருந்ததையும், சாத்தனூரில் மரம் கல்லாகிக் கிடப்பதையும் சொல்லும் நூல். இன்னொன்று உடையார்பாளையம் ஜமீனைப் பற்றியது. மூன்றாவது ஏலாக்குறிச்சி மாதா கோயிலின் வரலாறு, மெல்லிய புத்தகம். நாலாவது ஒரு நாவல், பெயர் 'வெள்ளைப் பள்ளம்'. பெரம்பலூர் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருக்கும் செல்லதுரை என்பவர் எழுதிய முதல் புத்தகம் அது. பன்னிரண்டு வருஷ வேலையில் தன் ஊர்ப் பக்கத்தைப் பற்றிய புத்தகங்களை இப்படி ஒருசேர அழகேசன் பார்த்ததே இல்லை. விதிப்படி நாவலைக் கதைகள் அலமாரியில் வைத்திருக்க வேண்டும். அவருக்குப் பிரிக்க மனம் வரவில்லை. வாசலுக்கு நேர் எதிரே ஒரு பலகையைக் காலி செய்து நாலையும் அட்டை தெரிய நிற்க வைத்தார். மேலே தன் கையெழுத்திலேயே 'நமது வட்டாரம்: வரலாறும் வாழ்வும்' என்று எழுதி ஒட்டினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தானாக யோசித்துச் செய்த ஒரே காரியம் என்று அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதலில் எடுத்துப் போனவர் டெய்லர் சாமிதுரை. கடைவீதியில் இருக்கும் அவருடைய கடையில் துணி தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு அவர் ஏதாவது படித்துக்காட்டிக்கொண்டே இருப்பார். மிஷினை மிதிப்பது நிற்காது, படிப்பதும் நிற்காது. சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் கல் சுமக்கும் கமலா என்ற பெண்ணின் கதையை அவர் நாலு நாள் படித்தார். ரவிக்கை வாங்க வந்த இந்த அம்மாள், குஞ்சம்மாள், கடைசி நாள் படிப்பைக் கேட்டுவிட்டாள்.

கதையில் வருகிற பள்ளம், அதன் கரையில் கிடந்த ஒரு ஜோடி செருப்பு, பக்கத்தில் கழுவாத தூக்குவாளி, இதெல்லாம் அவள் வீட்டில் நடந்தது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில், வேலை நிறுத்திய பழைய பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தபோது அவள் மகள் செங்கமலம் வீடு திரும்பவில்லை. செருப்பும் தூக்குவாளியும் கரையில் இருந்தன. தீயணைப்புக்காரர்கள் வந்து முழுகிப் பார்த்தார்கள். ஆழம் பிடிபடவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. பேப்பரில் இரண்டு வரி வந்தது. அழகேசனே அந்த இரண்டு வரியைப் படித்திருந்தார்.

"உள்ள வாங்கம்மா" என்றார்.

"தூசியா இருக்குதுங்க."

"பரவால்ல. வாங்க."

அவள் முந்தானையால் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பெஞ்சை இழுத்துப் போட்டும் தரையில்தான் உட்கார்ந்தாள். புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். அவள் அதைத் திறக்கவில்லை. அட்டையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கடைசிய மட்டும் படிங்க. ரயிலு வருமே, அது."

அவர் படித்தார். நாவலின் கமலா பள்ளத்துக் கரையில் செருப்பைக் கழற்றி வைக்கிறாள். தூக்குவாளியைப் பக்கத்தில் வைக்கிறாள். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு திரும்பி, அறுவடை முடிந்த சோளக்கொல்லைகள் வழியாக வெறுங்காலோடு அரியலூர் ஸ்டேஷனுக்கு நடக்கிறாள். விழுப்புரம் பாசஞ்சர் வந்து நிற்கிறது. டிக்கெட் இல்லாமல் ஏறுகிறாள். கதவோரம் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஏறும்போது, கீழே மணலையும் நடுவில் ஒரு கோடாகத் தண்ணீரையும் பார்க்கிறாள். அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

குஞ்சம்மாள் அழவில்லை. "அவளுக்கு ரயிலு புடிக்கும்" என்றாள். பிறகு, "இது நடந்ததா, கட்டுனதா?" என்று கேட்டாள்.

"நாவல்மா. கதை. எழுதுனவரு மனசால எழுதுனது."

"டெய்லரு அப்படிச் சொல்லலீங்களே. கதையெல்லாம் அந்தப் பக்கம் அலமாரியில இருக்குமாம். இந்தப் பலவையில வச்சிருக்கறது நடந்ததுன்னாரு. கடலு இருந்த பொஸ்தவம், மாதா கோயிலு பொஸ்தவம் எல்லாத்தோடயும் சேத்து கவர்மெண்டுல வச்சிருக்குன்னாரு."

அழகேசன் தன் கையெழுத்தைப் பார்த்தார். வரலாறும் வாழ்வும். அவள் போன பிறகு தரையில் அவள் உட்கார்ந்திருந்த இடம் வட்டமாக வெளுத்திருந்தது. வாசல்வரை பாதத்தின் தடம். துடைப்பத்தை எடுத்தவர், பூட்டுவதற்கு நேரமாகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டு அதை மறுபடி மூலையில் வைத்தார்.

சாயங்காலமே நாவலைக் கதைகள் அலமாரிக்கு மாற்றினார். சாமிதுரை அதைக் கவனிக்காமல் இல்லை. "என்ன சார், நேத்துவரைக்கும் நெசமா இருந்தது இன்னைக்குப் பொய்யாயிடுச்சா? கவர்மெண்டு உத்தரவா?" என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அழகேசனும் சிரித்துவைத்தார்.

ஒரு வாரம் கழித்து அவள் மகன் வந்தான். பெயர் அரியமுத்து, லாரியில் கல் ஏற்றுகிறவன், முப்பதை நெருங்கிய வயசு. ஆள் நடமாட்டம் குறையட்டும் என்று வெளியே பீடி குடித்துக்கொண்டே காத்திருந்துவிட்டு உள்ளே வந்தான்.

"சார், நீங்க எங்கம்மாவுக்கு என்ன படிச்சுக் காட்டுனீங்க?"

அவர் சொன்னார். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டான்.

"அது இப்ப தெனம் சாயங்காலம் டேசனுக்குப் போவுது சார். பாசஞ்சர் வந்து போறவரைக்கும் நிக்கிது. எறங்குற பொம்பளையாளுவ மொவத்த எல்லாம் பாக்குது. போர்ட்டருங்க கிண்டல் பண்றானுவ."

பிறகு அவன் மெதுவாக விஷயத்துக்கு வந்தான். அவர்கள் வழக்கத்தில், கல்யாணமாகாத பெண் செத்துப்போனால் அவளை வீட்டுத் தெய்வமாக அழைத்து வைத்துக்கொள்வார்கள். உயிர்போன தண்ணீருக்குப் பம்பையோடு போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வீட்டு ஆள் யார் மேலாவது வந்து அவள் பேசுவாள். அப்புறம் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, புதுச்சேலையோடு பெட்டியில் வைத்துப் படையல் போடுவார்கள். அது முடியாமல் அந்த வீட்டில் அடுத்த கல்யாணம் செய்வதில்லை. செங்கமலத்தை ரெண்டு தடவை பள்ளத்துக் கரையில் கூப்பிட்டாயிற்று. பம்பைக்காரன் மதுரைவீரன் கை வலிக்க அடித்தான். யார் மேலும் அவள் வரவில்லை. செந்துறையில் அரியமுத்துவுக்குப் பேசி வைத்த பெண் வீட்டார் வரும் தைவரைக்கும்தான் பொறுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மூணாவது முறை கூப்பிடலாம் என்று ஏற்பாடு செய்த நேரத்தில்தான் இந்தப் புத்தகம் வந்தது.

"இப்ப கூப்புடவே வாணாங்குது சார். செத்திருந்தா நான் கூப்ட்டு வராம இருப்பாளாடான்னு கேக்குது. உசுரோட இருக்கறவளுக்குப் படையல் போட்டா அவ அங்க செத்துப்போயிருவாளாம். நான் என்ன சொல்றது?"

அழகேசன் பெஞ்சை இழுத்துப் போட்டார், அவன் உட்காரவில்லை.

"நீங்க ஒரு ஒத்தாச பண்ணுங்க. மறுவாட்டி வந்து படிக்கச் சொல்லும். அப்ப மாத்திப் படிங்க. தண்ணியில போச்சுன்னு படிங்க. டெய்லரு ஏதோ தப்பா படிச்சுட்டாரு, நானும் அன்னைக்கு அவசரத்துல படிச்சுட்டேன்னு சொல்லுங்க. அதுக்கென்ன, படிக்கவா தெரியும்?"

"அச்சுல இருக்கறத எப்படிப்பா மாத்திப் படிக்கிறது?"

"எழுதுனவரு மாத்தி எழுதலியா? அவரு எங்க தங்கச்சிய பாத்தாரா?"

அவன் போன பிறகு அழகேசன் நாவலை எடுத்து முதலிலிருந்து படித்தார். முன்பு படித்தபோது அவருக்கு ஊர் அடையாளங்கள் மட்டும் கண்ணில் பட்டிருந்தன. இந்தத் தடவை அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு படித்தார். சாப்பாட்டு வேளையில் அவள் பள்ளத்துச் சுவரில் சுருண்டு கிடக்கும் கல்நத்தைகளை விரலால் தடவுவாள். இது கடலில் இருந்தது என்று யாரோ சொல்ல, அப்படியென்றால் இதுவும் வழி தெரியாமல் நின்றுபோனதா என்று கேட்பாள். மறுநாள் அவர் பலகையிலிருந்த கடல் புத்தகத்தைப் புரட்டினார். சிப்பியின் உடம்பு கரைந்து, ஓடும் கரைந்து போன பிறகும், அது கிடந்த இடம் மட்டும் பாறைக்குள் பள்ளமாக நின்றுவிடுவதுண்டு என்று அதில் எழுதியிருந்தது. விடுமுறையன்று செந்துறை பஸ்ஸில் போகும்போது பழைய பள்ளம் ஜன்னல் வழியே தெரிந்தது. பச்சைத் தண்ணீர், அசைவே இல்லை. இத்தனை நாள் கண்ணில் பட்டும் பார்க்காமல் போன இடம். பஸ் வளைவில் திரும்பும்வரை அவர் கரையில் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் செல்லதுரையே வந்தார். தன் புத்தகம் நூலகத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருந்தார், ஆனால் அதைச் சொல்லாமல் பேப்பர் படிப்பவர் போல உட்கார்ந்து, பிறகு எழுந்து அலமாரிப் பக்கம் போனார். புத்தகத்தை எடுத்துப் பின்னட்டைக்குள் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தார். அதில் முத்திரை நிறைய விழுந்திருந்ததைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். அழகேசன் அவருக்கு டீ வரவழைத்தார்.

"சார், நீங்க அந்தப் பொண்ண பாத்திருக்கீங்களா?"

"எந்தப் பொண்ண?"

"கமலாவ."

செல்லதுரை சிரித்தார். "பேப்பர்ல ரெண்டு வரி வந்துச்சு. அவ்ளோதான். பள்ளத்த மட்டும் போயிப் பாத்தேன்."

"அந்தப் பொண்ணோட அம்மா இங்க வந்தாங்க."

சிரிப்பு நின்றது. அழகேசன் எல்லாவற்றையும் சொன்னார். செல்லதுரை டீயைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் மொதல்ல அவள தண்ணியிலதான் விட்டேன்" என்றார் கடைசியில். "அப்படித்தான முடியணும், அதுதான நடந்தது. எழுதிட்டேன். காலையில படிச்சா கதை நிக்கல, கிழிச்சுட்டேன். திரும்ப எழுதுனேன். கரைவரைக்கும் வர்றா சார். அதுக்கு மேல போக மாட்டேங்கறா. நான் தள்ளிவிடற மாதிரி இருக்குது. ஒருநாள் சும்மா பேனாவ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ திரும்பி நடக்க ஆரமிச்சுட்டா." கொஞ்சம் வெட்கப்பட்டவராக, "இப்படியெல்லாம் சொன்னா ஆபீஸ்ல பைத்தியம்பாங்க" என்றார்.

"அந்தம்மா வந்து கேட்டா என்ன சொல்லட்டும்?"

"தெரியல சார்." டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "நான் வந்தேன்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க."

பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமிருந்தும் அவர் வேகமாக நடந்து போனதை அழகேசன் ஜன்னல் வழியே பார்த்தார். அன்று ராத்திரி படுக்கையில் ஒரு யோசனை வந்தது. தண்ணீரில் முடிகிற பக்கங்கள் இருந்திருக்கின்றன. எழுதியவர் கிழித்தார் என்பதால் இல்லாமல் போய்விடுமா? அதை வாய்விட்டுப் படித்தால் அது முழுப் பொய்யாகாது. ஒருத்திக்கு ஸ்டேஷனில் நிற்கிற கால்வலி மிச்சமாகும், ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆகும். காலையில் எழுந்தபோதும் அந்த யோசனை அப்படியே இருந்தது.

குஞ்சம்மாள் அடுத்த முறை வந்தபோது குளித்து, தலை சீவி, சாயம்போன நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. அதே இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழகேசனும் இந்த முறை நாற்காலியை விட்டுவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். புத்தகத்தின் கடைசிப் பகுதியைத் திறந்தார்.

"அன்னைக்கு அவசரத்துல படிச்சுட்டேம்மா. சில எடம் விட்டுப்போச்சு. இப்ப ஒழுங்கா படிக்கிறேன்."

அவள் தலையாட்டினாள்.

செருப்பைக் கழற்றிய இடம்வரை இருப்பதைப் படித்தார். அதற்குப் பிறகு, கண்ணை எழுத்தின் மேல் வைத்துக்கொண்டே, இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தார். கமலா தூக்குவாளியைக் கழுவலாம் என்று நினைக்கிறாள். மழைத் தண்ணீர் கலங்கி இருக்கிறது. சரிவில் ஒரு கல்லின் மேல் காலை வைக்கிறாள், கல்லில் பாசி. தடுமாறுவது என்றுகூடச் சொல்ல முடியாது, உட்காருவது போலத்தான் இருக்கிறது. வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. தண்ணீருக்குள் வெளிச்சம் பச்சையாகிறது. பள்ளத்துச் சுவரில் கல்நத்தைகள் வரிசையாக மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. அவள் கையை நீட்டி ஒன்றைப் பிடிக்கப் பார்க்கிறாள். தன் குரல் தன்னுடையது இல்லாத மாதிரி கேட்டது. வெளியே மாட்டுவண்டி ஒன்று போனது. அவர் நிறுத்தவில்லை. மேலே ஒருமுறை தெரிந்த வானம் தட்டு அளவாகி, பொட்டு அளவாகி—

"சார்" என்றாள் குஞ்சம்மாள்.

அவர் நிமிர்ந்தார்.

"தாளு திரும்பலியே."

புத்தகம் அதே பக்கத்தில் திறந்திருந்தது.

"அன்னைக்குப் படிக்கறப்ப தாளு தாளா திரும்புச்சு. ஒவ்வொருவாட்டியும் காத்து லேசா எம் மூஞ்சியில பட்டுச்சு. இன்னைக்கு எம்மாநேரம் படிக்கிறீங்க, ஒரு தாளுகூட திரும்பல." அவள் குரலில் கோபம் இல்லை. "அரியமுத்து வந்தானா?"

அவர் தலையாட்டினார்.

"பாவம். அவனுக்கும் வயசு போவுது. செந்துறக்காரவுங்க எத்தினி நாளு பொறுப்பாங்க?" மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னதும் நல்லாத்தான் இருந்துச்சு. வலியில்லாம போறா. நானும் அப்படித்தான் ராவெல்லாம் நெனச்சுக்குவேன், வலிச்சிருக்காதுன்னு. இப்ப உள்ளத படிங்க."

அவர் உள்ளதைப் படித்தார். தாளைத் திருப்பும்போதெல்லாம் அவள் முகத்தருகே எழுந்த சின்னக் காற்றைத் தானும் உணர்ந்தார். சோளக்கொல்லை வந்தது. ஸ்டேஷன் வந்தது. பாலம் வந்தது. புத்தகத்தை மூடினார்.

"எங்க எறங்குறா?"

"அது போடலம்மா. பாலத்தோட முடிஞ்சிருது."

"அப்பறம் ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. கடைவீதியில் சாமிதுரையின் குரல் யாரையோ வைதுகொண்டிருந்தது, அளவு கொடுத்துவிட்டு இளைத்துப்போனால் நானா பொறுப்பு என்று.

"அப்ப அவ பாலத்து மேலயே நிக்கிறா" என்றாள் குஞ்சம்மாள். "அஞ்சு வருசமா கம்பியப் புடிச்சுக்கிட்டு. வூட்டுக்கும் வரல, வேற ஊருக்கும் போயி சேரல. நாங்க கூறுகெட்டவுங்க, பள்ளத்துல போயிக் கூப்ட்டுக்கிட்டிருந்தோம். அவளுக்கு எப்படிக் கேக்கும்?"

"அம்மா, அது ஒருத்தர் எழுதுனது. அவரே எங்கிட்ட—"

"இருக்கட்டுங்க. எழுதுனவரு அங்க கொண்டாந்து வுட்டுட்டாரு. நாமதான அழைச்சுக்கணும்?"

அழைப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனில் நடந்தது. முதலில் மதுரைவீரன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அரியமுத்து வந்து சொன்னான். தண்ணியிலிருந்துதான் கூப்பிடணும், இரும்புப் பாதையில எங்க தண்ணி இருக்குது என்று கேட்டானாம். "ஏண்டா, எஞ்சினு தண்ணி குடிக்கலியா?" என்று அம்மா கேட்டதும் வாயடைத்துப் போனானாம். இதைச் சொல்லும்போது அரியமுத்துவுக்கே சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிக்கிறவன் போலச் சிரித்தான். "எங்கயாவது கூப்பிடட்டும் சார். கூப்ட்டா போதும். நீங்களும் வந்திருங்க. அது உங்கள வரச் சொல்லிச்சு."

அழகேசன் அன்று நூலகத்தைச் சீக்கிரமே பூட்டினார். பிளாட்பாரத்தின் கோடியில், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் பெரிய குழாய்க்கு அருகில் அவர்கள் நின்றிருந்தார்கள். மஞ்சள் பூசிய செம்பு, அதன் கழுத்தில் பூச்சரம், தட்டில் புதுச்சேலை. இத்தனை நாள் அம்மா தவறான ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அரியமுத்து காதோடு சொன்னான். வடக்கே போகும் பாசஞ்சரில்தானே ஏறினாள், அதில் எப்படித் திரும்பி வருவாள்? விருத்தாசலம் பக்கமிருந்து வரும் வண்டிக்கு நிற்க வேண்டும். அதையும் அவளே கண்டுபிடித்திருந்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, வண்டி கிளம்பும்போது தள்ளி நில்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சிக்னல் சாய்ந்தது. மதுரைவீரன் பம்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். ரயில் கண்ணுக்குத் தெரிந்ததும் அடிக்க ஆரம்பித்தான். பள்ளத்துக் கரையில் பாடிய பாட்டையே பாடினான், தண்ணீர் வரும் இடங்களில் ரயிலைப் போட்டு. வண்டி வந்து நிற்கும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. குஞ்சம்மாள் மஞ்சள் பையிலிருந்து, அன்று பள்ளத்துக் கரையில் கிடந்த அந்த ஜோடி ரப்பர் செருப்பை எடுத்தாள். குதிகால் தேய்ந்து, ஒரு வாரில் ஊக்கு குத்திய செருப்பு. பெண்கள் பெட்டியின் கதவுக்கு நேர் கீழே, கால் வைக்கிற திசையில் அதை வைத்தாள். வெறுங்காலோடு போனாள் என்று புத்தகத்தில் இருந்ததல்லவா.

ஆட்கள் இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கூடைக்காரிகள், தோளில் பிள்ளை தூங்கும் ஒரு தகப்பன். செருப்பைக் கண்டவர்கள் விலகி இறங்கினார்கள். குஞ்சம்மாள் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "செங்கமலம்" என்று கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. பக்கத்து அறையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான். "எறங்கு கண்ணு. ஊரு வந்துருச்சு."

அரியமுத்து மேல் வரும் என்று எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் கண்ணை மூடி நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. விசில் ஊதி ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டியும் திருச்சிப் பக்கம் போய் மறைந்த பிறகும் மதுரைவீரன் அடித்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் நிறுத்தினான். பிளாட்பாரத்தில் திடீரென்று சத்தமே இல்லை.

குஞ்சம்மாள் எஞ்சின் குழாயின் சொட்டுத் தண்ணீரைச் செம்பில் பிடித்தாள். செம்பை நிறைக்க அது நேரமெடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "போவலாம்" என்றாள்.

அரியமுத்து செருப்பை எடுக்கக் குனிந்தான்.

"வுடுடா" என்றாள். "போட்டுக்கிட்டு வரட்டும்."

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான், பிறகு அழகேசனைப் பார்த்தான். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். மதுரைவீரன் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படையலுக்கு ஆக வேண்டியதைப் பார்க்க முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டிருந்தான்.

ஸ்டேஷன் ரோட்டில் லாரிகள் சிந்திய சுண்ணாம்புத் தூசி கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குஞ்சம்மாள் முன்னே போனாள். செம்பிருந்த இடுப்புக்கு மறுபக்கம் ஒரு ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு நடந்தாள். ரோடு உடைந்து ஜல்லி பெயர்ந்திருந்த இடத்தில் அந்தப் பக்கமாகத் திரும்பி, "பாத்து வா, கல்லு கெடக்கு" என்றாள். பின்னால் வந்த அரியமுத்து வழியை விட்டு ஓரமாக ஒதுங்கி நடந்தான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தானும் அப்படி ஒதுங்கியே நடப்பதை அழகேசன் கவனித்தார்.

அப்போது அவர்களுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ரப்பர் செருப்பு, தூசியில் பொத்துப் பொத்தென்று, ஒரு கால் லேசாக இழுபட. ரயிலில் வந்து இறங்கியவர்கள் எல்லோருக்கும் ஊருக்குள் போக இருப்பது அந்த ஒரு ரோடுதான். யாராகவும் இருக்கலாம். சத்தம் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல், நடையின் வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள்.